ருவைஸ் மைதானத்து இடதுகைக்காரன்

பன்னிரண்டு விநாடி ஓடும் ஒரு வாட்ஸ்அப் வீடியோவுக்காக அறுநூறு கிலோமீட்டர் கார் ஓட்டினேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிக்கிறார். நீங்கள் சிரிப்பதில் தப்பில்லை. அனுப்பியவர் ஜாகிர். எங்கள் கீழக்கரைக்காரர், அபுதாபிக்கு மேற்கே ருவைஸ் பக்கத்துத் தொழிலாளர் கேம்ப்களுக்குக் காய்கறி வேன் ஓட்டுகிறவர். வீடியோவில் டேப் சுற்றிய பந்தில் கிரிக்கெட் நடக்கிறது. எல்லைக் கோட்டில் நிற்கும் ஒல்லியான ஒருவன் பந்தைப் பொறுக்கி இடது கையால் எறிகிறான். பந்து தரையைத் தொடாமல், வானத்துக்கும் போகாமல், கயிறு கட்டி இழுத்ததுபோல் நேராகக் கீப்பரிடம் போய்ச் சேர்கிறது. அதை இருபது தடவையாவது பார்த்திருப்பேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஷார்ஜாவில் வளர்ந்தவள், ஜெபல் அலியில் ஒரு வேர்ஹவுஸில் டாக்குமென்ட் பார்க்கும் வேலை. கூட வேலை பார்க்கும் பிலிப்பினோப் பெண்கள் சாஃப்ட்பால் சொல்லிக்கொடுத்தார்கள், அங்கிருந்து பேஸ்பால் பைத்தியம் பிடித்தது. இப்போது துபாயில் ஒரு பேஸ்பால் பயிற்சிக் கூடத்துக்கு ஆள் தேடிக் கொடுக்கிறேன். சம்பளம் இல்லாத உத்தியோகம், அதனால் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. இந்த ஆட்டத்தில் மட்டையடிப்பவனை நோக்கிப் பந்து எறிகிறவனுக்குப் பிட்சர் என்று பெயர். அதிலும் இடதுகைப் பிட்சருக்குத் தனி மவுசு. ஊரில் பீச்சாங்கை என்று திட்டு வாங்கிய கையை இங்கே ஊர் ஊராகப் போய்த் தேடுகிறார்கள்.

ஜனவரி முதல் ஞாயிறு, காலை 5.50க்கு ஜெபல் அலியிலிருந்து கிளம்பினேன். ருவைஸ் வரை E11 ஒரே சாலைதான், 302 கிலோமீட்டர். அபுதாபி நகருக்குள் நுழையாமல் மஃப்ரக் வழியாக மேற்கே பிடித்துவிட்டால் சுங்க கேட் எதுவும் இல்லை. பனிமூட்டம் மட்டும் விட்டுவைக்கவில்லை. சம்ஹா தாண்டியதும் பலகையில் 80 என்று எரிய ஆரம்பித்தது. அது ஆலோசனை அல்ல, வேக வரம்பே அதுதான், கேமராவுக்கும் அது தெரியும். மிர்ஃபா திருப்பத்துப் பெட்ரோல் பங்கில் ஒரு கரக் டீ, ஒரு முட்டை பரோட்டா, ஏழு திர்ஹம். 9.40க்கு ருவைஸ்.

மைதானம் என்று சொன்னால் புல்லைக் கற்பனை செய்யாதீர்கள். கேம்ப் கட்டடங்களுக்குப் பின்னால் லாரிகள் மிதித்து இறுகிய மணல், நடுவில் சிமெண்ட் பிட்ச். ஞாயிறு ஆஃப் என்பதால் நாலு ஆட்டம் ஒரே இடத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக நடந்துகொண்டிருந்தது. ஜாகிர் கையைப் பிடிக்காத குறையாக ஒருவனை அழைத்து வந்தார். எங்கள் ஊர்ப் பேச்சில் அக்காவுக்கு லாத்தா.

“லாத்தா, இவந்தான் செல்வபாண்டி. முதுகுளத்தூர்ப் பக்கம். ஸ்கேஃபோல்டிங்ல இருக்கான்.”

இருபத்திரண்டு வயது. சாரம் கட்டும் இரும்புப் பைப்புகளை நாள் முழுக்கத் தோளில் சுமப்பதால் உடம்பு முறுக்கிய கம்பிபோல் இருந்தது. பந்து வீசுவாயா என்றேன்.

“வீச விட மாட்டாகக்கா. முழங்கை மடங்குதுன்னு நோ-பால் குடுத்துருவாக. அதான் பவுண்டரில நிக்கிறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிரிக்கெட்டில் எது குற்றமோ அதுதான் பேஸ்பாலில் முதல் பாடம். பிட்சர் எறிய வேண்டிய தூரமான அறுபதரை அடியை டேப் வைத்து அளந்து, நானே கிளவுஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிடியை இரண்டு நிமிடம் காட்டினேன். முதல் பந்து என் தலைக்கு மேல் போய்ச் சுவரில் மோதியது. ஐந்தாவது பந்து கிளவுஸில் விழுந்தபோது உள்ளங்கை எரிந்தது. வேகம் பார்க்கும் ரேடார் கன்னை ஜாகிரிடம் கொடுத்திருந்தேன். மணிக்கு 76 மைல், 78, மறுபடி 78. பயிற்சியே இல்லாதவனுக்கு இது சாதாரணமில்லை.

நடுவில் ஒரு செக்யூரிட்டிக்காரர் வேகமாக வந்தார். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் ஊரில் துப்பாக்கி வடிவத்தில் எதையாவது நீட்டினால் வராமல் என்ன செய்வார்.

“பாய், பந்து கா ஸ்பீட் தேக்னே கா மெஷின் ஹை” என்று, பந்தின் வேகம் பார்க்கும் மெஷின்தான் எனக் காட்டினார் ஜாகிர். செக்யூரிட்டிக்காரர் நம்பவில்லை. பிறகு தானே ஒரு பந்து எறிந்து, 41 என்று பார்த்து, “அச்சா” என்று வருத்தத்தோடு போனார்.

நாற்பது பந்து ஆனதும் கேட்டேன். “கை வலிக்குதா?”

“இல்லக்கா. ஒண்ணும் பிரச்சன இல்ல.”

நம்பினேன். இன்னும் இருபது எறியச் சொன்னேன். இந்தக் கட்டுரையில் நான் செய்த தப்பு எது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

மூன்று வாரம் கழித்து இன்னொரு ஞாயிறு, வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு பிட்சிங் கோச் துபாயில் ஒரே ஒரு நாள் ஆட்களைப் பார்க்கப் போகிறார் என்று எனக்கு அப்போதே தெரியும். அவருக்குப் பிடித்துவிட்டால் முறையான பயிற்சி, உடம்பைக் கவனிக்க ஆள், அடுத்த சீசனில் அணியில் இடம். சாரம் கட்டுகிறவனுக்கு அது வேறு வாழ்க்கை. செல்வபாண்டியிடம் நாலு பந்துகளைக் கொடுத்து, வாரம் மூன்று நாள், நாளுக்கு இருபத்தைந்து எறி, அதற்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். தினமும் சாயங்காலம் போனில் கை எப்படி இருக்கிறது என்று கேட்பேன். தினமும் நல்லா இருக்குக்கா என்பான். எனக்கும் பெருமை, கோச்சுக்கு ஒரு வைரம் கொண்டு வருகிறோம் என்று.

அந்த ஞாயிறு அவன் ருவைஸில் 6.30 பஸ் ஏறினான். அபுதாபி பஸ் ஸ்டாண்டில் 10.10க்கு அழைத்துக்கொண்டேன். கஃபெட்டீரியாவில் டீயை வலது கையில் வாங்கினான். பை வலது தோளில். கதவை வலது முழங்கையால் தள்ளினான். இடதுகைக்காரன் ஒருவன் இடது கையைப் பேன்ட் பைக்குள் இருந்து எடுக்கவே இல்லை என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

“கை வலிக்குதா?”

“இல்லக்கா. ஒண்ணும் பிரச்சன இல்ல.”

காரை எடுத்தேன். ஷஹாமா தாண்டும்போது எங்கள் வேர்ஹவுஸ் லோடிங் ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். கால் விரலில் பெட்டி விழுந்தவனும் “நோ ப்ராப்ளம் மேடம்” என்றுதான் சொல்வான். வலி என்பது அவர்களிடம் கேட்டுப் பெறக்கூடிய பதில் இல்லை. சம்ஹா பங்கில் வண்டியை ஓரம் கட்டி, கேள்வியை மாற்றினேன்.

“இப்பப் பைப்ப எந்தத் தோள்ல தூக்குற?”

“வலது தோள்லக்கா.”

“எப்பவுமேவா?”

“முந்தி இடது தோள்ல. செவ்வாக்கெழமைல இருந்து மாத்திக்கிட்டேன்.”

அப்புறம் எல்லாம் வந்தது. டியூட்டி முடிந்து தினமும் ரூமுக்குப் பின்னால் ஒரு பிளைவுட் பலகையைச் சாய்த்து வைத்து நூறு எறி. பயிற்சி இல்லாமலே 78 என்றால் தினம் நூறு எறிந்தால் 90 வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

“ஏன்டா எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா வேற ஆளப் பாத்துருவீக. கேம்ப்ல வலிக்குதுன்னு சொன்னா மொதல்ல டியூட்டில இருந்து நிறுத்துவாக. ரெண்டாவது தடவ சொன்னா ஊருக்கு டிக்கெட்டுன்னு பேச்சு. அதான் யாரும் சொல்றதில்லக்கா.” பிறகு, “பத்துப் பந்து மட்டும் போட்டுக்கிறேன். பல்லக் கடிச்சுக்கிட்டுப் போட்டுருவேன்” என்றான்.

உண்மையைச் சொல்கிறேன், துபாய் எல்லையை ஒட்டிய கந்தூத் வரை எனக்கு ஆசை விடவில்லை. பத்துப் பந்துதானே, கோச்சுக்கு அது போதும், பிறகு ஓய்வு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தோள் போனால் பேஸ்பால் மட்டும் போகாது, நாளைக்குப் பைப் தூக்கவும் முடியாது. ஊரில் இவன் கையை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் வண்டியைத் திருப்பியிருப்பேன்.

துபாய் மைதானத்தில் கோச்சிடம் நேராகச் சொன்னேன்: இவன் இன்று எறிய மாட்டான், தோள் வலி, தினம் நூறு பந்து எறிந்திருக்கிறான். அறுபது வயது, வார்த்தைகளை எண்ணிப் பேசும் மனிதர். செல்வபாண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அவன் எறிகளை யார் எண்ணிக்கொண்டிருந்தது என்றார். யாரும் இல்லை என்றேன். மார்ச் கடைசியில் திரும்ப வருவேன், கை ஆறியிருந்தால் அழைத்து வா, இடம் பிடித்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். திரும்பும் வழியில் அபுதாபி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது செல்வபாண்டி “கோவமாக்கா?” என்றான். “எம்மேலதான்டா” என்றேன். அது நிஜம்.

மறுவாரம் ஒரு மலையாளி பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டினோம். தசை கிழியவில்லை, இழுபட்டிருக்கிறது, ஆறு வாரம் ஒரு பந்துகூட எறியக் கூடாது என்றார் அவர். அந்த ஆறு வாரமும் எறிகளை எண்ண ஜாகிரை நியமித்தேன். எண்ணுவதற்கு ஒன்றுமில்லாத வேலை, அதனால் ரொம்பச் சிரத்தையாகச் செய்தார். போனில் நான் கை வலிக்கிறதா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பைப் எந்தத் தோளில் என்று மட்டும் கேட்டேன். நாலாவது வாரம் “மாத்தி மாத்திக்கா” என்றான். ஏழாவது வாரம் பத்துப் பந்தில் ஆரம்பித்தோம்.

இப்படி ஆள் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு: குளிர்காலத்தில் போங்கள், ஆனால் சூரியன் ஏறிய பிறகு கிளம்புங்கள், பனிமூட்டத்தில் ஒரு மணி நேரம் மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அபுதாபி எல்லைக்குள் பலகையில் இருக்கும் வேகத்துக்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூடச் சலுகை கிடையாது. சின்னக் கார் என்றால் போக வர பெட்ரோல் 112 திர்ஹம் ஆனது. பஸ் என்றால் அட்டையில் முன்பே பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆலை வேலிப் பக்கம் கேமராவோ ரேடார் கன்னோ வெளியே எடுக்காதீர்கள். கேம்ப் ஆட்களைப் பார்க்க ஞாயிறு மட்டும்தான் நாள், மற்ற நாளில் போனால் தூங்குகிறவனை எழுப்புவீர்கள். யாரிடமாவது லீவு கேட்கச் சொல்லுமுன் அந்தக் கம்பெனியில் லீவு எப்படிக் கொடுக்கிறார்கள் என்று நீங்களே விசாரியுங்கள். பந்தைக் கொடுத்துவிட்டு வந்தால், எண்ணுவதற்கும் ஒரு ஆளைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மார்ச் கடைசி ஞாயிறு, காலை பத்து மணி, வெயில் இன்னும் பல்லைக் காட்டவில்லை. கோச் இருபத்தைந்து பந்து கேட்டார். நான் வலைக்குப் பின்னால் மொழிபெயர்க்க நின்றேன். 79, 80, எட்டாவது பந்தில் 82. கோச் தொப்பியைச் சரிசெய்தார், அவர் முகத்தில் நான் பார்த்த முதல் அசைவு அதுதான். பன்னிரண்டு பந்து, பதினைந்து, பதினெட்டு. எனக்கு உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாவது பந்து முடிந்ததும் செல்வபாண்டி அடுத்த பந்தை வாங்கவில்லை. நேராக வலை வரை நடந்து வந்தான்.

“அக்கா, அவுகட்டச் சொல்லுங்க. வலிக்க ஆரம்பிக்குது.”

இன்னும் ஆறே பந்து. எதையும் பூசி மெழுகாமல் அப்படியே சொன்னேன். எங்கே வலிக்கிறது என்று கோச் கேட்டார். அவன் தோளின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினான். கோச் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார், கையைச் சுற்றச் சொன்னார், நோட்டில் ஏதோ எழுதினார். பிறகு, பயிற்சி சனிக்கிழமை காலைகளில், முதல் மாதம் நாளுக்குப் பதினைந்து பந்துதான், வரச் சொல் என்றார்.

கண்டிப்பாக வருவான் என்று அவனுக்காக நானே சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நல்லவேளை, முதலில் மொழிபெயர்த்தேன்.

“சனிக்கெழம டியூட்டிக்கா. வர முடியாது, சொல்லிருங்க” என்றான் செல்வபாண்டி.

தயங்கவில்லை, தலை குனியவில்லை. அவன் எறிந்த எந்தப் பந்தையும்விட அது எனக்குப் பிடித்தது. சொன்னேன்.

கோச் நோட்டில் எழுதியிருந்த சனிக்கிழமையை அடித்துவிட்டு, ஞாயிறு என்று எழுதினார்.