நானூறு காய்ந்த புல்

அக்காவும் நானும் பேசாமல் இருந்த ஐந்து மாதமும் ஒரே குடிசையில்தான் இருந்தோம். குடிசை, கைப்பேசி விளையாட்டில் நாங்கள் கட்டியது. நிஜத்தில் அவள் டயகமவில், நான் வட்டவளையில், வேறு வேறு தேயிலைத் தோட்டத்து ஊர்களில். பிடித்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள்; கையெழுத்துப் போட்ட பிறகுதான் எனக்கே தெரியும். அம்மாவும் அப்பாவும் ஒரு வாரத்தில் மனமிறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை. ஒரே போர்வைக்குள் வளர்ந்தவளிடம் முதலில் சொல்லவில்லையே என்று ஆத்திரம். எனக்குக் கோபம் வந்தால் லேசில் இறங்காது.

ஆனால் குடிசையை விட்டு இருவருமே போகவில்லை. அதில் ஒரு பொதுப் பெட்டி உண்டு. காட்டில் பொறுக்கியதை யாரும் அதில் போடலாம், எடுக்கலாம். நான் மரத்துண்டு வைத்தால் மறுநாள் அது இருக்காது. எனக்கு வேண்டிய ஆணி இருக்கும். என்றைக்காவது அவள் பேசுவாள் என்ற நம்பிக்கையை அந்தப் பெட்டியை வைத்துத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். நானாகப் பேசியிருக்கலாம். வீம்பு விடவில்லை.

அந்த விளையாட்டில் எல்லாப் பொருளுக்கும் ஒரு நிறம். குனிந்த இடத்திலெல்லாம் கிடைப்பது சாம்பல். அதற்கு மேல் பச்சை, நீலம், ஊதா. அத்தி பூத்தாற்போல் கிடைப்பது தங்க நிறம். மூன்று நீலத்தைச் சேர்த்தால் ஓர் ஊதா வரும். சில நேரம் மூன்றும் உடைந்து கைக்கு ஒன்றும் மிஞ்சாது. ஊதா செய்கிற அன்று சாமி படத்தின் முன்னால் நின்றுதான் பொத்தானை அமுக்குவேன். சிரிக்காதீர்கள், இரண்டு முறை பலித்திருக்கிறது.

எனக்கு வேலை தேயிலைத் தொழிற்சாலையில், தூளைச் சலித்துத் தரம் பிரிக்கிற இடத்தில். காம்பும் சக்கையும் கண்ணில் பட்டால் கை தானாக ஒதுக்கிவிடும். வீட்டிலும் அதே வியாதிதான். சோற்றுத் தட்டில் கறிவேப்பிலையைக்கூட ஓரமாக அடுக்கி வைப்பேன்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து, சிக்னல் கிடைக்கிற பீலிக்கரையில், மலைத் தண்ணீர் கொட்டுகிற குழாயடியில், குடத்தை வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பாதிப் பெட்டி காய்ந்த புல். சாம்பல் நிறம், முந்நூற்றுச் சொச்சம். இந்தக் கழிவை ஏன் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று எரிச்சல் வந்தது. அத்தனையையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஊதாவும் தங்கமும் மட்டும் பளபளவென்று மிஞ்சின. குடம் நிரம்பி வழிந்தது. சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனேன்.

மறுநாள் மாலை அதே இடத்தில் கைப்பேசி அடித்தது. அக்கா.

"ஏண்டி, பொட்டியில இருந்த புல்லெல்லாம் எங்க?"

ஐந்து மாதம் கழித்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"அது சாம்பல்தானே. கழிச்சிட்டேன்."

"தேயிலைன்னு நெனச்சியா எல்லாத்தையும்? தொட்டில் செய்ய நானூறு புல்லு வேணும்டி! மத்ததெல்லாம் சேந்துருச்சு. வெளையாட்டுல இப்ப பனிக்காலம் வேற வந்துருச்சு, இனி எங்க போய்ப் பொறுக்குறது?"

நிறம் ஒரு பொருள் எவ்வளவு அரிதாகக் கிடைக்கும் என்பதை மட்டும்தான் சொல்லும், எதற்கு வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தங்க நிறத் தொட்டிலுக்கு ஓர் ஊதா மரமும் ஒரு தங்க மணியும் போதும். மெத்தைக்குத்தான் அத்தனை புல்லும். பனி விழுந்துவிட்டால் அதுவும் மணிக்கணக்கில் தோண்டினால் ஒன்றிரண்டு அகப்படும்.

"ஒனக்கு எதுக்கு இப்ப தொட்டில்?" என்றேன், தப்பை மறைக்கிற அதட்டலோடு.



"குடிசையில வச்சா நீ பாத்துப் புரிஞ்சுக்குவன்னு இருந்தேன். அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல. இந்தத் தடவ ஒனக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு…"

பீலிக்கரையில் தண்ணீருக்கு நின்றவர்கள் பார்க்கப் பார்க்க நான் அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, நிறுத்த முடியவில்லை.

அன்றிலிருந்து தினமும் மாலையில் அவள் அங்கே, நான் இங்கே, பனியைக் கிளறினோம். ஒரு புல் அகப்பட்டால் "கெடச்சிருச்சு!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவோம். மசக்கையில் அவளுக்குச் சோறு இறங்காத நாட்களில் அவள் பங்கையும் நானே பொறுக்கினேன். வழியில் அகப்பட்ட நீலத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, நானூறும் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனில் பஸ் மாறி டயகமவுக்குப் போனேன். அவள் வீட்டுக்கு முதல் முறையாக. கதவைத் திறந்தவளுக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. "வா, கண்டதையும் கழிச்சுப் போடாம உள்ள வா" என்றாள். அடுப்பங்கரையில் ஒரே பலகையில் நெருக்கி உட்கார்ந்தோம். கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

"நீயே அமுக்கு."

தங்க நிறம் செய்யும்போதும் சேர்த்ததெல்லாம் உடைந்து போகலாம் என்பது நினைவுக்கு வந்து என் விரல் அப்படியே நின்றது.

"ஒடஞ்சா என்னக்கா பண்றது? அவ்வளவு புல்லும் போயிருமே."

"ஒடஞ்சா ஒடையட்டும். நீ வந்துட்டல்ல" என்று சொல்லி, என் விரலைப் பிடித்து அவளே அமுக்கினாள்.