திரையில் நின்ற நீர்மட்டம்

முப்பத்துமூன்று அடி நான்கு அங்குலம். சேர்வர் திரையில் பச்சை எழுத்தில் நின்ற அந்த நீர்மட்டத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. வன்னியில் நடுத்தரமான ஒரு குளத்தின் அலுவலகத்தில் கணினிகளைப் பார்க்கும் வேலை எனக்கு. குளக்கட்டில் இருக்கும் கருவி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தை ரேடியோ வழியே சேர்வருக்கு அனுப்பும். அது முப்பத்தைந்து அடியை நெருங்கினால், மிகுநீரை வெளியேற்றும் வான்கதவைத் திறக்கச் சொல்வார் பொறியியலாளர் மேடம். திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கீழே இருக்கும் ஊருக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பது எங்கள் வழக்கம். அங்கே மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய சனங்கள், மாடும் நெல்லுமாக ஆற்றோரம் இருந்தார்கள்.

கதவுகளைத் திறந்து மூடுபவர் குளக்கட்டிலேயே ஓர் அறையில் இருந்தார். எல்லாருக்கும் அவர் வான்கதவு அண்ணை. உத்தரவு இல்லாமல் கதவில் கை வைக்கமாட்டார். என் கணினியையும் லேசில் நம்பமாட்டார். மழை நாளில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, கல்லில் பதித்த அளவுகோலைத் தடவிப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் எடுப்பார். "தம்பி, உம்மடை பெட்டி என்ன சொல்லுது?" இரண்டு அளவும் ஒத்துப்போனால், "பரவாயில்லை, படிச்ச பெட்டிதான்" என்று சிரிப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அந்தக் கார்த்திகையில் மாங்குளம் பக்கம் மூன்று நாளாக விடாத மழை. அலுவலக இன்டர்நெட் இழுபட்டுக்கொண்டிருந்தது. காலை பத்தேகாலுக்கு, அதைச் சரிசெய்கிறேன் என்று சேர்வரின் நெட்வேர்க் அமைப்புகளைத் திறந்தேன். அதில் இரண்டு நெட்வேர்க் அட்டைகள். ஒன்று அலுவலகத்துக்கு, மற்றது குளத்துக்கு. எது எதுவென்று பெயர் வைக்கக்கூடப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் விட்டிருந்தேன். அலுவலகத்து அட்டை என்று நினைத்துக் குளத்து அட்டையின் ஐபி முகவரியை மாற்றிவிட்டேன். அதோடு குளத்து அளவுகள் வருவது நின்றுபோனது, எனக்குத் தெரியவில்லை. பழைய முகவரியைக் குறித்துவைக்கவும் இல்லை. இன்டர்நெட் தற்செயலாகத் தானே வேகமானது. என்னைப்போல் கெட்டிக்காரன் இல்லை என்ற நினைப்பில் தேநீர் குடிக்கப் போனேன்.

திரை காலியாகியிருந்தால் உடனே பிடிபட்டிருக்கும். ஆனால் மழைக்கு ரேடியோ லைன் விட்டுவிட்டுப் போகும்போதெல்லாம் காலித் திரையைப் பார்த்து மேடம் ஏசுகிறார் என்று, புது அளவு வராவிட்டால் கடைசி அளவையே காட்டும்படி நான்தான் செய்து வைத்திருந்தேன்.

பகல் ஒரு மணிக்கு அண்ணை எடுத்தார்.

"தம்பி, கோலிலை முப்பத்தஞ்சு தாண்டிட்டுது. உம்மடை பெட்டியிலை என்ன?"

"முப்பத்திமூண்டுதான் அண்ணை. கண்ணாடியைப் போட்டிட்டு ஒருக்கா வடிவாப் பாருங்கோ."

"நான் இடுப்பளவு தண்ணிக்கை நிண்டுதான் கதைக்கிறன்" என்றார்.

அளவுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த நேரத்தை அப்போதுதான் பார்த்தேன். பத்து மணி பத்து நிமிடம். பக்கத்து அறையில்தான் மேடம் இருந்தார். எழுந்து போய் "முப்பத்தைந்து" என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் போகவில்லை. முதலில் சரிசெய்துவிட்டால் என் பிழை யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அண்ணையின் அறையிலிருந்த ரேடியோப் பெட்டியில் ஒட்டியிருக்கும் முகவரியை அவரை வாசிக்கச் சொன்னேன். அவர் ஈரத்தோடு அறைக்கு ஓடி ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். சேர்வரின் முகவரியும் அதே வரிசைதான், கடைசி இலக்கம் மட்டும் நினைவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

"மேடத்திட்டைச் சொல்லீட்டீரே?" என்று இரண்டு முறை கேட்டார்.

"ஓம் அண்ணை, சொல்லுறன்" என்றேன்.

நாற்பது நிமிடம் கழித்துத் திரை முப்பத்தைந்து அடி ஒன்பது அங்குலத்துக்குத் தாவியது. மேடம் கத்திக்கொண்டு ஓடி வந்தார். கதவை உடனே திறந்தாக வேண்டியிருந்ததால், ஊருக்குக் கொடுக்கும் இரண்டு மணி நேர அவகாசம் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. சனங்கள் எல்லாரும் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள், உயிருக்குச் சேதமில்லை. ஒரு குடும்பத்தின் இரண்டு பசுக்களும் விதைநெல்லும் போய்விட்டன. மறுநாள் அந்தக் குடும்பத்துத் தாய் அறுந்த கயிற்றோடு அலுவலக வாசலில் நின்றார். அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து பின்வாசலால் போனேன்.

விசாரணையில், மழைக்கு லைன் போய்விட்டது என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீர் ஏறியதை ஏன் நேரத்துக்கு அறிவிக்கவில்லை என்று அண்ணையைக் கேட்டார்கள். "பிந்திட்டன்" என்று மட்டும் சொல்லி, விளக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார். என் பெயர் அதில் இல்லை.

மழை விட்ட பிறகு குளக்கட்டுக்குப் போனேன். அவர் கதவுச் சங்கிலிக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தார். ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் பொய் சொல்லேல்லைத் தம்பி. பிந்தினது நான்தான். நீர் சொல்லேல்லை எண்டு தெரிஞ்சிருந்தால், அந்த நேரமே நான் மேடத்துக்கு எடுத்திருப்பன். 'சொல்லுறன்' எண்டீர். நம்பிக்கொண்டு நிண்டிட்டன்."

இப்போது புது அளவு வராவிட்டால் திரை காலியாகிவிடும். நெட்வேர்க் அட்டைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறேன், முகவரிகளைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அண்ணை ஓய்வுபெற்றுப் போய்விட்டார். "பிந்திட்டன்" என்ற அந்தக் கடிதம் மட்டும் இன்னும் அவருடைய கோப்பில், அவருடைய கையெழுத்தோடு இருக்கிறது.