நெடுந்தீவில் ஒரு சாம்பியாக்காரர்

1979 சித்திரை விடுமுறையில், காலை எட்டு மணிக்குக் குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவு வள்ளம் ஏறினோம். என்னுடன் வந்தவர் மூங்கா. சாம்பியாவில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அவர் புவியியல் ஆசிரியர். புங்குடுதீவில் என் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்தார். அவர் கடலை முதன்முதலாகப் பார்த்தது முந்தின நாள்தான்.

"எங்களைச் சுற்றி எட்டு நாடுகள்," என்றார் ஆங்கிலத்தில். "செம்பு எங்களுடையது. கப்பலேற்ற அடுத்தவன் வாசலால் போகவேண்டும். ஓர் எல்லையை மூடினால் எங்கள் கடைகளில் சவர்க்காரம் இராது."

காற்றே இல்லை. இயந்திர வள்ளம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அவர் குனிந்து தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தெரிகிறது?"

"கூரைகளைத் தேடுகிறேன்."

பிறகு சொன்னார். அவருடைய ஊர் சாம்பேசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்தது. சுரங்கங்களுக்கு மின்சாரம் எடுக்க அணை கட்டினார்கள். சனங்களை லொறிகளில் ஏற்றி மேட்டுநிலத்தில் இறக்கிவிட்டார்கள். வயல், வீடு, தாயின் புதைகுழி எல்லாம் ஏரிக்கடியில் போயின.

நெடுந்தீவில் இறங்கினோம். வெயிலில் ஆள் நடமாட்டமே இல்லை. கடலில் எடுத்த முருகைக்கல்லை அடுக்கிய வேலிகளுக்கு அப்பால், வெட்டவெளியில், காட்டுக் குதிரைகள் அசையாமல் நின்றன. மாடு, ஆடு, கொஞ்சம் மீன். இதுதான் தீவின் பிழைப்பு என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். பெருக்கமரத்தைக் கண்டதும் மூங்கா நின்றுவிட்டார்.

ஆபிரிக்காவிலிருந்து அராபியர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் மரம். அடியில் ஆள் நுழையக்கூடிய பொந்து. அவர் செருப்பைக் கழற்றி, அவர்கள் ஊர் வணக்கமாக மெல்லக் கைதட்டி, தலை குனிந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அவருடைய தாய்மொழியில் பேச்சுக் கேட்டது. பேசினார், நிறுத்தினார், மறுபடி பேசினார். ஒருமுறை சிரித்தார்.

ஆட்டுக்குக் குழை கொண்டுபோன பெண்ணொருத்தி நின்று கேட்டாள்.

"அண்ணை, உவர் ஆரோடை கதைக்கிறார்?"

"தனியத்தான் பிள்ளை."

"இல்லை அண்ணை. கேட்டுக் கேட்டெல்லோ மறுமொழி சொல்லுறார்."

அவள் திரும்பிப் பாராமல் போய்விட்டாள்.

மூங்கா வெளியே வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"எங்கள் ஊரிலும் இதே மரம். அம்மாவை அதன் கீழேதான் புதைத்தோம். தண்ணீர் ஏறியபின் தோணியில் போய் மூன்று வருடம் தேடினேன். அம்மா இன்னும் கீழே இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்."

"இப்போது?"

"எனக்கு முன்பே இங்கே வந்துவிட்டார்."

பின்னேர வள்ளத்தில் அவர் நிம்மதியாக நித்திரை கொண்டார். நான் திரும்பி நெடுந்தீவைப் பார்த்தேன். தண்ணீருக்கு மேல் பனைகளின் தலைகள் மட்டும் தெரிந்தன. முன்னால் புங்குடுதீவும் அப்படித்தான் கிடந்தது. பிறந்த நாளிலிருந்து கடலோடு இருப்பவன் நான். அன்றுதான் கடல் எங்கள் ஊரைவிட உயரமாகத் தெரிந்தது.