ஐந்து நாற்பதுக்கு எழும்பும் கலப்பை

இது நடந்தது. போன வைகாசியில், பொகவந்தலாவைக்குப் போகிற பாதையோரக் காணி ஒன்றில் நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். ஆனால் இது நடந்தது நோர்வூட் சுதாகரனுக்கு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் வாங்கினால் கடையிலுள்ள அத்தனை தேங்காயையும் தட்டிப் பார்த்துவிட்டு முதல் தேங்காயையே எடுக்கிற ஆள். கோயிலில் திருநீறு கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவான். அப்படிப்பட்டவன் பேய் பிசாசு என்று வாயைத் திறந்து சொல்கிறான் என்றால், அதற்கு முன்னால் எத்தனை ஆட்களைச் சந்தேகப்பட்டு முடித்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு தோட்டத்தில் பழைய சாமான்கள் ஏலம் போட்டபோதுதான் அந்தச் சிவப்பு டிரக்டரை எடுத்தான். எஞ்சின் நன்றாக இருந்தது. டயரும் பரவாயில்லை. ஆனால் பின்பக்கம் ஹைட்ராலிக் இல்லை. கலப்பையைத் தூக்கி இறக்குகிற இரண்டு இரும்புக் கைகளும், அதற்கு மேலிருக்கும் பெரிய மூடியும் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு தகட்டை வைத்து முறுக்கியிருந்தார்கள். தகட்டின் நடுவில் காய்ந்துபோன சந்தனப் பொட்டு. ஒரு போல்ட்டில் வெளுத்த சிவப்புக் கயிறு.

"ஹைட்ராலிக்க யாரு கழட்டுனது?" என்று தோட்டத்துக் கிளாக்கரிடம் கேட்டான்.

"நான் வர்றதுக்கு முந்தியே இல்லைங்க."

'திருடி வித்தவன் நன்றிக்குப் பொட்டும் வெச்சுட்டுப் போயிருக்கான்' என்று சுதாகரன் நினைத்துக்கொண்டான்.

ஹைட்ராலிக் இல்லாவிட்டால் கலப்பை மாட்ட முடியாது. அவனுக்கோ அவசரம். குத்தகைக்கு எடுத்த மூன்று ஏக்கர் காணி. மாதம் முடிவதற்குள் உழுது கிழங்கு போடாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். பத்து நாள்தான் இருந்தது. வீட்டில் விதைக்கிழங்கு முளைவிட்டுக் கிடந்தது. கட்டிலுக்கடியில் வரை கிழங்கு.

"இன்னும் பத்து நாள் போனா செடி வீட்டுக்குள்ளயே காய்ச்சிரும்" என்றாள் அவன் மனைவி நிஷாந்தி. "டிரக்டர் வாங்குற ஆளு முழுசா வாங்கக்கூடாதா? ஒங்களுக்கு எல்லாமே அரை."

மறுநாள் தலவாக்கலைக்குப் போனான். பழைய இரும்புக் கடை துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். துருப்பிடித்த ஆணிக்குக்கூட அரைமணி நேரம் வாதாடுகிறவர். ஆனால் அன்றைக்கு, "டிரக்டர் லிப்ட் இருக்குங்களாண்ணே?" என்று கேட்டதுமே எழுந்து உள்ளே போனார். பம்ப், மூடி, இரண்டு கைகள். முழு செட்டும் கடை மூலையில் தனியாக இருந்தது.

சுதாகரன் கேட்டது, கேட்கவே கூசும் விலை. பேரத்தைத் தொடங்குவதற்காகச் சும்மா சொன்னது.

"சரி தம்பி, கொண்டு போம்" என்றார் துரைராசா.

சுதாகரன் பணத்தை எடுக்கவில்லை. வியாபாரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைவிடப் பெரிய அபசகுனம் கிடையாது. மூடியைத் தட்டினான், கையை அசைத்தான், துளைக்குள் டார்ச் அடித்தான். வெடிப்பு இல்லை. உள்ளே கொஞ்சம் ஈரமண் மட்டும் ஒட்டியிருந்தது.

மெக்கானிக் கிஷாந்த் ஒரே நாளில் பூட்டி முடித்தான். முடித்ததும் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, செகண்ட்ஹேண்ட் சாமான் இப்பிடி உக்காராதுங்க. அரம் போடணும், தகடு வெக்கணும். இது அளவெடுத்து செஞ்ச மாதிரி உக்காந்திருச்சு."

"கூலி கூட்டிக் கேக்கப் போறியா, கொறைச்சுக் கேக்கப் போறியா? அத மொதல்ல சொல்லு."

"இங்க வந்து பாருங்களேன்."

வண்டியின் பின்பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு இருந்தது. ஏதோ கிறுக்கல் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். இப்போது, தலவாக்கலையில் வாங்கிய மூடியிலிருந்த இன்னொரு கோடு அதனோடு வந்து பொருந்தியிருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு எண்.

ஏழு.

"ஒரே வண்டிய ரெண்டு தடவ வாங்குன மொத ஆளு நீங்கதாண்ணே" என்று கிஷாந்த் சிரித்தான்.

சுதாகரன் சிரிக்கவில்லை. தோட்டத்துக்காரனும் தலவாக்கலைக்காரனும் கூட்டு என்று அன்றே தீர்மானித்துவிட்டான்.

காணியோரத்துத் தகரக் கொட்டிலில் வண்டியை நிறுத்தி, கலப்பையை மாட்டிச் சோதித்தார்கள். எஞ்சின் ஓடும்போது லீவரை மேலே இழுத்தால் எண்ணெய் பாய்ந்து கைகள் கலப்பையைத் தூக்கின. லீவரைக் கீழே விட்டால் இறங்கின. ஒரு குறையும் இல்லை. கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, இருவரும் பாதையோரக் கடைக்குத் தேநீர் குடிக்கப் போனார்கள்.

திரும்பி வந்தபோது மணி ஐந்து நாற்பத்தைந்து.

கலப்பை மேலே நின்றது.

"நீ எறக்கலியா?"

"நீங்க பாக்கத்தானே எறக்குனேன்."

லீவர் கீழேதான் இருந்தது. எஞ்சின் ஓடவில்லை. கிஷாந்தின் முகம் மாறியது. "எண்ணெ கசிஞ்சா லிப்ட் தானா எறங்கும்ங்க. தானா ஏறாது. எஞ்சின் ஓடாம ஏறவே ஏறாது."

சுதாகரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். வேலையை இழுத்தடித்து இன்னும் நாலு நாள் கூலி பார்க்கிறான். அப்படித்தான் நினைத்தான். அடுத்த நாள் காலையில் உழ வந்தபோது கலப்பை மறுபடி தரையில் கிடந்தது. "கோளாறு தெரியாம காணியில எறக்கக்கூடாது" என்று கிஷாந்த் மறித்ததும் சந்தேகம் இரண்டு மடங்கானது. அவனை வீட்டுக்கு அனுப்பினான். பேட்டரி வயரைக் கழற்றிப் பையில் போட்டான். சாவியை எடுத்துக்கொண்டான். கலப்பை தரையில் பதிந்திருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டான். பின்னேரம் நாலரைக்குக் கொட்டிலை உள்பக்கமாகக் கொண்டி போட்டுவிட்டு, வண்டிக்கு எதிரே ஒரு உரமூட்டை மேல் உட்கார்ந்தான்.

எவன் வருகிறான் என்று பார்த்துவிடலாம்.

ஐந்து மணிக்கு மிசுட்டு இறங்கியது. அந்தப் பக்கத்து மூடுபனியைத்தான் சொல்கிறேன். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே புகை மாதிரி நுழைந்தது. வெளியே தேயிலை மலை மறைந்தது. பிறகு பாதை மறைந்தது. தூரத்தில் கடைசி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வளைவில் போனது.

ஐந்து முப்பத்தெட்டு. ஒன்றுமில்லை.

ஐந்து முப்பத்தொன்பது. தகரத்தில் நீர் சொட்டியது. டக்... டக்...

ஐந்து நாற்பது.

கிர்ர்ர்...

இரும்புக் கைகள் அசைந்தன.

கலப்பை மெதுவாக எழும்பியது. வெட்டென்று எழும்பவில்லை. திணறித் திணறி... பாரம் தூக்குகிறவர் மூச்சு வாங்க நிற்பாரே, அப்படி. கொஞ்சம் எழும்பும். நிற்கும். மறுபடி எழும்பும்.

சுதாகரன் மூட்டையிலிருந்து துள்ளி எழுந்தான். ஆனால் புத்தி பேரத்தை விடவில்லை. 'கிஷாந்த் அடியில ஜாக்கி வெச்சிருக்கான். பள்ளம் தோண்டி மறைச்சிருக்கான். கண்டுபிடிச்சுட்டு அவன் காதைத் திருகுறேன்.'

போனில் டார்ச்சைப் போட்டான். தரையில் மல்லாந்து படுத்தான். கலப்பைக்கு அடியில் தலையையும் மார்பையும் நுழைத்தான்.

ஜாக்கி இல்லை.

பள்ளம் இல்லை. கயிறு இல்லை.

டார்ச்சைத் திருப்பிக் கலப்பையின் அடிப்பக்கத்தைப் பார்த்தான். துருவில் ஈரமான தடங்கள் இருந்தன.

இரண்டு உள்ளங்கைகள். பத்து விரல்கள்.

கீழேயிருந்து தாங்கிப் பிடித்த மாதிரி.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே... விரல் தடங்கள் நகர்ந்தன. வழுக்குகிற கை இன்னொரு பிடி தேடுகிற மாதிரி.

காதருகே ஈரமான மூச்சு.

"எறங்கப் போகுது..."

பெண் குரல்.

"வெளிய போங்கண்ணே..."

உருண்டான். எப்படி உருண்டான் என்று அவனுக்கே தெரியாது.

டமார்!

கலப்பை சுண்ணாம்புக் கோட்டுக்குள் சரியாக விழுந்தது. அவனுடைய செருப்பு ஒன்று அடியில் மாட்டியது.

கையிலிருந்த போனைப் பார்த்தான்.

ஆறு இருபத்தைந்து.

கலப்பைக்கு அடியில் அவன் கிடந்தது ஐந்து நிமிஷம்கூட இருக்காது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அந்தத் தோட்டத்துக்குப் போனான். கிளாக்கரைத் தேடவில்லை. தொழிலாளர் லயத்தில் விசாரித்து, ஏழாம் நம்பர் டிரக்டர் ஓட்டிய பழனியாண்டியைப் பிடித்தான். அறுபது தாண்டிய மனிதர். வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன பெண்கள் விட்டுச் சென்ற கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தார். ஹைட்ராலிக்கைத் திரும்பப் பூட்டிவிட்டதாகச் சொன்னதும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரோட்டு மண்ணு தள்ள பின்னால இரும்புப் பலக மாட்டியிருந்தோம் தம்பி. ஒம்பது வருசமாச்சு. வேலாயின்னு ஒரு புள்ள, ரோட்டோரம் தண்ணி ஓடுற கான் வெட்டுறவ. பலகைக்கு அடியில கல்லு ஒண்ணு சிக்கிருச்சு. அத இழுக்க உள்ள பூந்துச்சு. ஏங் கால் லீவர்ல பட்டிருச்சு."

சுதாகரன் அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான்.

"எஞ்சின் ஓடுனா லீவர இழுத்துத் தூக்கியிருப்பேன். அது பேட்டரி செத்த வண்டி. எப்பவும் எறக்கத்துலதான் நிப்பாட்டுவோம். உருட்டிவிட்டா ஸ்டார்ட் ஆயிரும். அன்னைக்குச் சமதர. டீசலு மிச்சம் பிடிக்க நாந்தான் எஞ்சின நிப்பாட்டி வெச்சிருந்தேன். பலக நெலத்துல குத்தி நின்னதுல தள்ளவும் முடியல. 'தூக்குங்க... கொஞ்சம் தூக்குங்க'ன்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சு. அஞ்சு நாப்பதுல இருந்து."

"ஆறு இருபத்தஞ்சு வரைக்கும்" என்றான் சுதாகரன்.

கிழவர் நிமிர்ந்தார். "யாரு சொன்னா?"

சுதாகரன் தான் கேட்ட குரலைச் சொன்னான். அந்த வார்த்தைகளையும் சொன்னான். பழனியாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பேக்டரியில இருந்து ஜாக்கி வந்துச்சு. வெச்சுட்டு, இழுக்கலாம்னு நான் உள்ள பூந்தேன். ஜாக்கி வழுக்குனது மொதல்ல அந்தப் புள்ளைக்குத்தான் தெரிஞ்சுச்சு. 'எறங்கப் போகுது, வெளிய போங்கண்ணே'ன்னுச்சு. நான் மட்டும் வந்துட்டேன்." ஒரு கோழியை வாசலை விட்டு விரட்டினார். "இத நான் ஏம் பொண்டாட்டிகிட்டகூட சொன்னதில்ல தம்பி."

அந்த லிப்டைக் கழற்றி, சம்பவம் நடந்த இடத்திலேயே புதைத்து, மேலே சிமெண்டு போட்டு, சூலம் நட்டிருந்தார்கள். லயத்தில் அதுதான் வழக்கம். ஆளைக் கொன்ற இரும்பு மறுபடி வேலைக்கு வரக்கூடாது. அதுவரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த சுதாகரன் சட்டென்று நிமிர்ந்தான்.

"அப்ப எவனோ தோண்டி வித்துருக்கான்."

"லிப்டக் கொண்டாந்து குடுங்க. பழைய எடத்துல வெச்சுருவோம். ஒங்க காணிய எங்க லயத்து ஆளுங்க முள்ளு குத்திப் பொரட்டித் தருவாங்க."

சுதாகரன் பேரம் பேசவில்லை. அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்கிறாள் நிஷாந்தி.

சொன்னபடி வந்தார்கள். இருபத்திரண்டு பேர், ஆளுக்கொரு முள்ளு, பல் வைத்த மண்கொத்தி. மூன்று ஏக்கரையும் நாலு நாளில் கொத்திப் புரட்டினார்கள். மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது கடைசிக் கிழங்கும் மண்ணுக்குள் போனது. காணி தப்பியது.

அன்று பின்னேரமே லிப்டைக் கொண்டுபோனார்கள். கிஷாந்தும் சுதாகரனும் லயத்து ஆட்கள் இரண்டு பேருமாக நாலு பேர், மூச்சுத் திணறத் தூக்கி வந்தார்கள். கானோரத்தில் சூலம் நின்றது. அதற்கடியில் பாசி பிடித்த சிமெண்டு.

ஒரு கீறல் இல்லை.

தோண்டிய அடையாளமே இல்லை. சுற்றிலும் ஒன்பது வருஷத்துப் புல்.

சம்மட்டியால் உடைத்தார்கள். அடியில் குழி இருந்தது. லிப்டின் உருவம் மண்ணில் அச்சு மாதிரி பதிந்திருந்தது.

குழி காலி.

 லிப்டை வைத்து, மண்ணை மூடி, புதுச் சிமெண்டு பூசி, கற்பூரம் கொளுத்தினார்கள். சுதாகரனுக்கு மட்டும் உள்ளே அரித்தது. இதில் எங்கேயோ ஒரு மனிதக் கை இருக்க வேண்டும். போனை எடுத்துத் துரைராசாவை அழைத்தான். மணி ஐந்து முப்பத்தாறு.

"அண்ணே, அந்த லிப்ட் ஒங்களுக்கு எப்பிடி வந்துச்சு? உண்மையச் சொல்லுங்க."

"களவுச் சாமான் நான் வாங்கிறதில்லைத் தம்பி. ஒரு மனுசி கொண்டுவந்து வச்சிட்டுப் போனவ. காசும் வேண்டேல்லை."

"எத்தன பேரோட வந்தாங்க?"

"தனியத்தான்."

"லொறியிலயா?"

 "...தலையில சுமந்துகொண்டு தம்பி. இடுப்பில தோட்டத்துப் பெண்டுகள் கட்டுற சாக்குப் படங்கு. உடம்பு முழுக்க ஈரம். அண்டைக்கு மழையும் இல்லை. அதுதான், நீர் கேட்டதும் எப்பிடியாவது கடையை விட்டுப் போகட்டும் எண்டு தந்தனான்."

சுதாகரன் போனைக் காதோடு அழுத்தினான். "ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொன்னவ. டிரக்டர்காரர் தேடி வருவார், குடுத்திருங்க எண்டு சொன்னவ. அதை வண்டியில பூட்டினாத்தான் தூக்கலாமாம்."

மிசுட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கற்பூரம் அணைந்தது.

போனில் நேரம் மாறியது.

ஐந்து நாற்பது.

"தம்பி..." என்றார் பழனியாண்டி. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிர்ர்ர்...

காயாத சிமெண்டு ஒரு விரற்கடை மேலே எழும்பியிருந்தது. திணறி நின்றது.

மறுபடி எழும்பியது.