மெஷினில் இருந்த ஸ்டாப்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்தில் ஒரு சாயங்காலம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டர். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். சில்லறை இல்லை என்று யாராவது சொன்னால் போதும், பஸ்ஸே அதிரக் கத்துவேன்.

அந்த ரூட்டில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். போகும்போது முதலில் காலனி வரும், அரை கிலோமீட்டர் தள்ளி ஊர். பஸ் ஊரில் மட்டும்தான் நிற்கும். காலனிக்காரர்கள் அங்கே இறங்கி, முக்கில் உட்கார்ந்திருக்கும் இளவட்டங்களைத் தாண்டித் திரும்பி நடப்பார்கள். எனக்கு முன்னால் இருந்த கண்டக்டர் சொல்லிக்கொடுத்த வழக்கம் அது. ஏன் என்று நான் கேட்டதில்லை.

அன்று மில் வேலை முடிந்து ஏறிய ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், காலனி வந்ததும் எழுந்தார்.

"இங்கன நிப்பாட்டுங்கண்ணே."

"இங்க ஸ்டாப் கெடையாது. உட்காரும்மா."

ஊர் வந்தது. அவர் இறங்கவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பி வாரப்ப எங்க எடத்துல எறக்கி விடுங்க. அதுவரைக்கும் வண்டியிலதான் இருப்பேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஓசி டிக்கெட்ல வந்துக்கிட்டு இம்புட்டுச் சட்டமா?" என்று கத்தினேன்.

"ஓசின்னு பேசாதீக" என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "எம்மக பத்தாவது படிக்கிறா. சாயங்காலம் ஒங்க பஸ்ஸுலதான் வாரா. முக்குல எறங்குனா தெனமும் 'கலெக்டரம்மா வாராக'ன்னு கைதட்டிக் கேலி. இனிப் பள்ளிக்கூடம் போகலன்னு பையைத் தூக்கி எறிஞ்சுட்டா. நான் கல்யாணமாகி வாரதுக்கு முன்னாடி இங்க கலவரமாம். பஸ்ஸுல கல்லு விழுந்துச்சாம். அடங்குற வரைக்கும் காலனியில நிக்காதுன்னாகளாம். அது அடங்கி இருவது வருசமாச்சு. ஸ்டாப்பு மட்டும் திரும்பி வரல."

"ஸ்டாப் இருந்தா இதுல இருக்கும்ல, பாரு!" என்று டிக்கெட் மெஷினை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

இருந்தது. கிராமத்தின் பெயரும் பக்கத்திலேயே 'காலனி' என்றும். தினமும் அதைத் தாண்டித்தான் அடுத்த பெயரை அழுத்தியிருக்கிறேன். அந்த அம்மாவும் பார்த்துவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

திருச்சுழி போய்த் திரும்பும் வரை அவர் அதே கம்பியைப் பிடித்தபடி வந்தார். காலனி நெருங்கியதும் நான் விசிலை வாயில் வைத்தேன். "கண்டக்டரே, வழக்கத்த மாத்தாதீக, வம்பு வரும்" என்றார் முன் சீட்டுக்காரர்.

"வந்தா எங்கிட்ட வரட்டும்" என்று ஊதினேன். டிரைவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு பிரேக்கை மிதித்தார்.

அந்த அம்மா நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? இறங்கியதும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நாளைக்கும் நிக்குமா?"

"நிக்கும்மா."

மறுநாள் முக்கில் நாலு பேர் பஸ்ஸை மறித்தார்கள். நான் மெஷினைக் காட்டினேன். "இதுல இருக்கு, நிப்பாட்டுறேன். வேணாம்னா டிப்போவுல எழுதிக் குடுங்க." யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளை பையோடு ஏறியது. பழக்கதோஷத்தில் ஊர் ஸ்டாப்பைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது. நான் காலனி என்று அழுத்தி டிக்கெட்டைக் கொடுத்தேன். அது அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தது.

இப்போது நான் வேறு ரூட்டில் இருக்கிறேன். எந்த ரூட்டுக்கு மாற்றினாலும் முதல் நாள் மெஷினில் உள்ள பெயர்களை ஒன்றுவிடாமல் படித்து, நிற்காமல் போகிற ஊர் ஏதாவது இருந்தால் ஏன் என்று கேட்ட பிறகுதான் விசிலைத் தொடுகிறேன்.