பத்தில் மூன்று பேர்

சுடலைமணி அண்ணாச்சியைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அவர் வீட்டில் ஒரு கல்யாணத்தை அவசர அவசரமாக நடக்க வைத்தவள் நான். அந்தப் பாவத்தைத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் பெர்லின். பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஆபரேஷனில் வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பேன். நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. எங்கள் புற்றுநோய் டாக்டர் ஜாஸ்பர் வாய்ப்புற்று வந்தவர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி தொடங்கியபோதுதான் சனியன் பிடித்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவர் வீட்டுக்கும் போன் போட்டு, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்து எழுத வேண்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார். அதை எப்படி நேராகக் கேட்பது? “வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று ஆரம்பிப்பேன். அந்தப் பக்கம் அழுகை கிளம்பினால் வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

ஆராய்ச்சி என்னவென்றால், நம் செல்களுக்குள் பி53 என்று ஒரு மரபணு இருக்கிறது. செல் கண்டபடி பெருகாமல் தடுப்பதும், பழுதான செல்லைச் சாகவிடுவதும் அதன் வேலை. வருஷக்கணக்கில் புகையிலை ஊறி அந்த மரபணுவே கெட்டுப்போனால், உள்ளே நடக்கிற அக்கிரமத்தைத் தட்டிக்கேட்க ஆள் இல்லை. அப்படிக் கெட்டவர்கள் எத்தனை நாள் தாங்குகிறார்கள், கெடாதவர்கள் எத்தனை நாள் தாங்குகிறார்கள் என்று டாக்டர் எண்ணிக்கொண்டிருந்தார்.

சுடலைமணி அண்ணாச்சிக்கு முக்கூடல் பக்கம் ஒரு சின்ன ஊர். ஆற்றங்கரைத் தோட்டங்களில் வாழைத்தார் சுமக்கிறவர். வெட்டிய தாரைத் தோளில் ஏற்றி, கணுக்கால் புதையும் சேற்றில் லாரிவரை நடக்க வேண்டும். பதினைந்து வயதிலிருந்து அதுதான் பிழைப்பு. பசி தெரியாமல் இருக்க இடது கன்னத்தில் புகையிலையை அதக்கிக்கொள்வார். அந்த இடத்திலேயே புண் வந்தது. ஆறாத புண்ணுக்கு எட்டு மாதம் தேனைத் தடவிக்கொண்டு திரிந்திருக்கிறார், அந்த மனுஷனை என்ன சொல்ல! வாயில் இரண்டு விரல் நுழையாது என்று ஆன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. கன்னத்தையும் கீழ்த்தாடையில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டு, நெஞ்சுச் சதையால் மூடினார்கள். பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு.

காட்ட வரும்போதெல்லாம் ஆராய்ச்சிக்காக என் ஜன்னலிலும் பெயர் பதிந்துவிட்டுப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் மகள் இசக்கிச்செல்விதான் கூட வருவாள். பாளையங்கோட்டையிலேயே ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம், முதல் வருஷம் முடித்திருந்தாள். அவர்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணாச்சி பேசுவது குழறலாகத்தான் வரும். அவள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். டாக்டரிடம் அவள் ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கும்போது, இவர் பெஞ்சில் இருக்கிறவர்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்ப்பார்.

“இங்கிலீசுல பேசுதா, பாத்தியளா?” என்று என்னிடம் கேட்பார். “எனக்கு ஒரு எழவும் விளங்கல. ஆனா தப்பில்லாமத்தான் பேசுதா, என்னா?”

“தப்பே இல்ல அண்ணாச்சி. எங்க டாக்டரைவிட நல்லாவே பேசுதா.”

“டீச்சராகணுமாம். இதுக்கு மேல பி.எட். வேற இருக்காம்லா!” என்று பாதி முகத்தால் சிரிப்பார். மற்ற பாதி அசையாது.

அவருடைய மரபணு அறிக்கை வந்தது. கெட்டிருந்தது. டாக்டர் அதை அவரிடம் விளக்கவில்லை, ஒழுங்காக வந்து காட்டிக்கொண்டே இருங்கள் என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் அண்ணாச்சி தனியாக வந்தார். மகளைக் கல்லூரி வாசலில் விட்டுவிட்டு நேரே என் ஜன்னலுக்கு வந்து நின்றார். குழறலாக இருந்தாலும் அதற்குள் எனக்கு அவர் பேச்சு பழகியிருந்தது.

“தாயி, செல்வி படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. எங்க அக்கா மவன் கங்கைகொண்டான் கம்பெனியில இருக்கான், நல்ல பய. படிச்சு முடிக்கட்டும், பைய பாத்துக்கிடலாம்னு அவங்களே சொல்லுதாங்க. அதுவரைக்கும் நான் தாங்குவனா?”

“டாக்டர்ட்ட கேளுங்க அண்ணாச்சி.”

“கேட்டேன். ஆண்டவன் கையில இருக்குங்காரு. அதைச் சொல்லதுக்கு எங்க ஊருலயே ஆள் கெடக்கு.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “நான் போயிட்டா, எம்பிள்ள கல்யாணத்துல அவ அம்மா ஓரமாத்தான் நிக்கணும். பூவும் பொட்டுமா எம்பக்கத்துல நின்னு அவளைத் தாரை வாத்துக் குடுக்க முடியாது. நீங்க உள்ளதை உள்ளபடி சொல்லுத ஆளு. சொல்லுங்க.”

உள்ளதைச் சொல்கிற ஆளாம். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது, அதை இப்போது ஒளித்து என்ன பயன்? நான் சொன்னேன்:

“ரெண்டு வருஷத்தை நம்பி இருக்காதீங்க அண்ணாச்சி. உங்க கட்டியில ஒரு ஜீன் கெட்டுக் கெடக்கு. எங்க லிஸ்டுல அப்படிக் கெட்டவங்கள்ல பத்துக்கு ஏழு பேர் ரெண்டு வருஷம் தாண்டல.”

“சரி தாயி” என்றார். போய்விட்டார்.

மிச்சம் மூன்று பேர் என்ன ஆனார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வாரம் மட்டும் நான்கு வீட்டில் அழுகையைக் கேட்டிருந்தேன். என் கண்ணுக்கு எல்லாரும் செத்தவர்களாகத்தான் தெரிந்தார்கள்.

ஏழாவது வாரம் கல்யாணம். பத்திரிகை கொடுக்க வந்த செல்வியின் கண் வீங்கியிருந்தது. “ஆஸ்பத்திரியில உறுதியாச் சொல்லிட்டாங்கன்னு அப்பா அழுதாங்க அக்கா. நான் என்ன சொல்ல முடியும்? கட்டிக்கிட்டும் படிக்கலாம்னு அத்தான் சொல்லுதாங்க” என்றாள். நானும் “படிக்கலாம் படிக்கலாம்” என்று சொல்லி அனுப்பினேன்.

கல்யாணத்துக்குப் போனேன். அண்ணாச்சி துண்டால் கன்னத்தை மறைத்துக்கொண்டு, அவர் மனைவி இசக்கியம்மா தலை நிறைய மல்லிகைப்பூவோடு, இரண்டு பேருமாகச் சேர்ந்து மகளைத் தாரை வார்த்தார்கள். ஊரே அழுதது. நானும் அழுதேன். நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்று மனசுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, வெட்கக்கேடு!

பொங்கலுக்குள் செல்வி முழுகாமல் இருந்தாள். வாந்தியும் மயக்கமுமாகப் பரீட்சை எழுதவில்லை. குழந்தை பிறந்தது. மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. கல்லூரியில் பெயரை எடுத்துவிட்டார்கள். புருஷன் நல்லவன்தான், யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. ஒவ்வொன்றாக வந்தது, படிப்பு போய்விட்டது.

அண்ணாச்சி சாகவில்லை.

முதல் வருஷம் போன் போட்டேன். “நான் இருக்கேன் தாயி!” என்று கத்தினார். எனக்கும் சந்தோஷம்தான். இரண்டாவது வருஷம் முடிந்தது, “இருக்கேன் தாயி” என்றார். செல்வி படித்திருந்தால் அந்த மாதம் அவளுக்குக் கடைசிப் பரீட்சை. மூன்றாவது வருஷம் குரல் இன்னும் இறங்கிவிட்டது. “இருக்கேன்னு சொல்லதுக்கே வெக்கமா இருக்கு தாயி. பிள்ளைய ஏமாத்திட்ட மாதிரி இருக்கு” என்றார். போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எண்ணை அழுத்தும்போதெல்லாம், இந்தத் தடவை அந்தப் பக்கம் அழுகை கேட்டால் நான் சொன்னது சரியாகிவிடுமே என்று ஓர் எண்ணம் ஓடும். இப்படியும் ஒரு நினைப்பு மனுஷிக்கு வருமா? எனக்கு வந்தது.

போன மாதம் ஐந்து வருஷம் முடிந்தது. நேரில் வந்து காட்டினார். டாக்டர் ஜாஸ்பர் வாய்க்குள் விளக்கடித்து, கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்று முதுகில் தட்டினார். அந்தச் சந்தோஷத்தில், மரபணு கெட்டும் பிழைத்த பத்துக்கு மூன்று பேரில் நீங்கள் ஒருவர் என்று விவரமாகவும் சொல்லிவிட்டார். அண்ணாச்சி என் ஜன்னலுக்கு வந்தார்.

“மூணு பேரும் உண்டாம்லா, தாயி.”

நீங்கள் கேட்கவில்லையே என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். “தப்புப் பண்ணிட்டேன் அண்ணாச்சி. அன்னைக்கே அதையும் சொல்லியிருக்கணும்.”

“நானும் கேட்டிருக்கணும். பயத்துல கேக்கல. அந்த மூணைத் தெரிஞ்சிருந்தா ரெண்டு வருசம் பொறுத்துப் பாத்திருப்பேன்.” அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “செல்வி வெளிய நிக்கா. அவகிட்ட இந்த மூணு பேர் கதைய மட்டும் சொல்லிராதீங்க. வருசம் தவறாம தைப்பூசத்துக்கு அவ திருச்செந்தூருக்கு நடந்து போறா. எம்படிப்பை எடுத்துக்கிட்டு முருகன் எங்கப்பாவைத் திருப்பிக் குடுத்துட்டான்னு பாக்குதவங்ககிட்ட எல்லாம் சொல்லுதா. அதுலதான் அவ மனசு நிக்கு. ஒண்ணும் குடுக்காமலே நான் இருந்திருப்பேன்னு தெரிஞ்சா, எம்பிள்ள ஒடைஞ்சு போவா.”

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி வந்துவிட்டாள். இடுப்பில் இரண்டாவது பிள்ளை. இருபத்துநாலு வயதுக்கு அதிகமாகவே இளைத்திருந்தாள். திருச்செந்தூர் இலை விபூதியை நீட்டியவள், “உங்களுக்கு ஆகாதோ அக்கா?” என்று தயங்கினாள். நான் கோயிலுக்குப் போகிற ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவள். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஆஸ்பத்திரியில அப்பா நிச்சயமாப் போயிருவாங்கன்னுதான சொன்னீங்க? பொழைக்க வழியே இல்லன்னுதான?”

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆமா செல்வி” என்றேன். “பத்துக்குப் பத்து பேரும் போயிருவாங்கன்னுதான் சொன்னோம்.”

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அப்பாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“கேட்டியாப்பா? நான் குடுத்தது வீணாப் போகல!”