முப்பது குதிரைத்திறனுக்கு எந்தக் கான்டாக்டர்

கோலாப்பூர்ப் பக்கத்துக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் சர்ஜேராவ் கோத் மின்சாரப் பிரிவு ஃபோர்மன். அரவை தொடங்கிவிட்டால் ஐந்து மாதத்துக்கு அவருக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. பாக்ரி ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்கும்போதுதான் ஆள் வரும். பெரும்பாலும் கரும்புத் தூக்கிக்காகத்தான் வரும்.

வண்டியிலிருந்து கரும்புக் கட்டைச் சங்கிலி போட்டுத் தூக்கி அரவைக்குக் கொட்டும் யந்திரம் அது. முப்பது குதிரைத்திறன் மோட்டார். அதற்கு மின்சாரத்தை விடுவதும் வெட்டுவதும் பேனலுக்குள் இருக்கும் கான்டாக்டரின் வேலை. வாங்கிய புண்ணியவான்கள் அட்டவணையில் முப்பது குதிரைக்கு நேரே இருந்ததை வாங்கிவிட்டார்கள். அந்த மோட்டார் படும் பாட்டை ஒருவரும் பார்க்கவில்லை. பம்பு மோட்டார் காலையில் ஓட ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை ஓடும். தூக்கி அப்படியா? கட்டை நேராக நிறுத்துவதற்கு ஆபரேட்டர் தோண்டிபா டக் டக்கென்று பொத்தானைத் தட்டிக்கொண்டே இருப்பான். ஒவ்வொரு தட்டுக்கும் மோட்டார் ஆறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அது அடங்குவதற்கு முன்பே கான்டாக்டர் வெட்டியாக வேண்டும்; வெட்டும்போதெல்லாம் அதன் முனைகள் தீப்பொறியில் கருகும். இரண்டு அளவு பெரியதாகப் போடுங்கள் என்று சர்ஜேராவ் பதினோரு வருடமாக எழுதிக் கொடுக்கிறார். "மோட்டார் அதேதானே?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாரா என்றால், அதுவும் இல்லை. வாரா வாரம் கருகிப்போன முனைகளை அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டிவிடுவார். முனைமேல் இருக்கும் வெள்ளிப் பூச்சு அதோடு போய்விடும், வெறும் செம்பு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் தேய்த்தார். ஆலை நிற்கக்கூடாதே! தேய்ப்பதில் சர்ஜேராவை அடிக்க ஆளில்லை என்று பெயரும் கிடைத்தது.

மாசி மாதத்தில் ஒரு காலை, தேய்த்து மாட்டி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

"சர்ஜேராவ் நானா! பொத்தானை விட்டுட்டேன், நிக்க மாட்டேங்குது! மேலயே போகுது!" என்று தோண்டிபா அலறினான்.

முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. மூன்று டன் கரும்பு ஏறிக்கொண்டே இருக்கிறது. உச்சியில் முட்டினால் கம்பி வடம் அறுந்துவிடும். கீழே, பீட் ஜில்லாவிலிருந்து கரும்பு வெட்ட வந்த ஷேவந்தா, மிரண்ட மாடுகளை இழுத்துக்கொண்டு நிற்கிறாள். சர்ஜேராவ் ஓடிப்போய் மெயினை இறக்கினார். உச்சிக்கு ஒரு முழம் இருக்கும்போது கட்டு நின்றது.

ஷேவந்தா அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"யோவ் மிஸ்திரி, என் தலைக்கு மேல என்னய்யா தொங்கவிட்டிருக்கீங்க? நான் கரும்பு வெட்ட வந்தேன், சாகறதுக்கு வரல."

சர்ஜேராவ் பிரேக்கைக் கையால் தளர்த்தச் சொல்லிக் கட்டை மெல்ல இறக்க வைத்து, அவள் வண்டி வெளியே போகும்வரை அங்கேயே நின்றார். அதன் பிறகுதான் தலைமை என்ஜினீயர் நிம்பாள்கரின் அறைக்குப் போனார்.

"காலையில தேய்ச்சீங்களா இல்லையா?" என்றார் நிம்பாள்கர்.

"தேய்ச்சேன் சாஹேப். அதான் தப்பு. முதல் வருஷமே தேய்க்காம விட்டிருந்தா, இது தாங்காதுன்னு உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். நான்தான் மூடி மறைச்சிட்டேன்."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். வெளிய நானூறு வண்டி நிக்குது, சேர்மன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். புதுசு மாட்டினா சரியாப் போயிடுமில்ல?"

"அதே சைஸ்தானே ஸ்டோர்ல இருக்கு? மாட்டினா இருபது நாள் ஓடும். அப்புறம் மறுபடி அரம்தான்."

"அப்ப இன்னிக்கு மட்டும் பழசையே தேய்ச்சு ஓட்டிடுங்க. உங்க கை பட்டா ஓடும்."

கோபம்கூட வரவில்லை அவருக்கு. அதற்கும் தெம்பு வேண்டுமே.

"தேய்ச்சுத் தரேன் சாஹேப். நீங்க போய்க் கீழ நில்லுங்க. மாட்டைப் புடிச்சுக்கிட்டு."

ஜன்னலுக்கு வெளியே வண்டிக்காரர்களின் கூச்சல். நிம்பாள்கர் அவசரக் கொள்முதல் தாளை இழுத்து, பேனாவைத் திறந்தார்.

"எந்த சைஸ்னு சொன்னீங்க?"

பதினோரு வருடத்தில் முதல் முறையாக அதைக் கேட்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். சர்ஜேராவுக்கு அலுப்புதான் வந்தது. யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அளவைச் சொன்னார்.